அமைதியான ஊர் யாருக்கு?

(மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவி)

கடற்கரை ஊர் ஒன்றைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் தவறாமல் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு. "என்ன அமைதி! இங்கேயே ஒரு வீடு கட்டிக்கொண்டு இருந்துவிடலாம் போலிருக்கிறது" என்பதே அது. சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்கு இந்த ஆசை சற்று அதிகமாகவே இருப்பதில் வியப்பில்லை. நமக்குக் கடல் இல்லை. குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் பிள்ளைகள் விசைத்தறி ஓசையிலேயே தூங்கிப் பழகுகிறார்கள். நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகளில் சுத்தியல் ஓய்வதில்லை. சேலத்துப் பேருந்து நிலையமோ நள்ளிரவிலும் கண் மூடுவதில்லை. இத்தனை இரைச்சலில் வாழ்பவர்கள் அமைதியைத் தேடுவது இயல்பே. ஆனால் ஓர் ஊர் அமைதியாக இருக்கிறது என்பதாலேயே அங்கு வாழ்பவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. அதற்குச் சான்றாக ஓர் ஊரைச் சொல்கிறேன்.

நம் மாவட்டத்து மேட்டூர் அணையில் திறந்துவிடும் காவிரி நீர், பள்ளிபாளையத்தைத் தொட்டுக்கொண்டு கிழக்கே ஓடிப் பூம்புகாரில் கடலில் கலக்கிறது. அங்கிருந்து கடலோரமாகத் தெற்கே சென்றால் தரங்கம்பாடி வரும். முன்பு நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்த அவ்வூர், 2020ஆம் ஆண்டு முதல் மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ளது. 1792இல் கட்டப்பட்ட நகர வாயிலைக் கடந்தால் அரசர் தெரு. அதன் இருபுறமும் பழைய தேவாலயங்களும் தூண் வைத்த மாளிகைகளும் நிற்கின்றன. தெருக்கோடியில் கோட்டையும் கடலும். நடுப்பகலில் அந்தத் தெருவில் நடந்தால் நம் காலடி ஓசை நமக்கே கேட்கும்.

ஆனால் அந்த ஊர் அமைதிக்காக உண்டான ஊர் அன்று. பாண்டிய மன்னன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 1306இல், அங்கு மாசிலாமணிநாதர் கோயில் எழுந்தது. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, டென்மார்க் நாட்டு வணிகர்கள் வந்து கோட்டை கட்டினார்கள். 1706இல் சீகன்பால்கு வந்து இறங்கினார். தமிழ் கற்றார், பள்ளி நடத்தினார். 1713இல் அங்கு அச்சகம் வேலை செய்யத் தொடங்கியது. 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. கப்பலும் வணிகமும் பள்ளியும் அச்சு இயந்திரமுமாக அந்த ஊர் ஒரு காலத்தில் நம் சேலத்துச் செவ்வாய்ப்பேட்டையைப் போலப் பரபரப்பாக இருந்திருக்க வேண்டும்.

பிறகு எப்படி அமைதி வந்தது? 1845இல் டென்மார்க் அரசு தன் இந்தியக் குடியேற்றங்களான தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனியிடம் விற்றுவிட்டது. 1861இல் நாகப்பட்டினத்துக்கு இருப்புப்பாதை வந்ததும் கப்பலும் வணிகமும் அந்தத் துறைமுகத்தைத் தேடிப் போயின. 1926இல் தரங்கம்பாடிக்கும் மாயவரத்திலிருந்து ரயில் வந்தது. ஆனால் 1986இல் அதுவும் நின்றுபோயிற்று. ஆக, இன்று நாம் வியந்து பாராட்டும் அமைதி கடல் கொடுத்த வரம் அன்று. வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊரை விட்டு வெளியேறிய பின் எஞ்சியது அது.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. இராசிபுரத்தில் பிறந்த என் சித்தி தரங்கம்பாடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். விடுமுறைக்கு அங்கு சென்றபோது, "உங்கள் ஊர் சொர்க்கம் சித்தி!" என்றேன். அவர் சிரித்தார். "காத்து நல்லாத்தான் இருக்குது கண்ணு. காத்தை வடிச்சுச் சோறாப் போட முடியுமா?" என்றார். உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியும் சைக்கிளும் எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கின்றன என்பதைக் காட்டினார். பெரிய வைத்தியம் என்றால் மயிலாடுதுறைக்கோ காரைக்காலுக்கோ பஸ் ஏற வேண்டும். கல்லூரிப் படிப்புக்குப் பக்கத்திலுள்ள பொறையாரில் வசதி உண்டு. ஆனால் படித்து முடித்தவர்களுக்கு வேலை? அவர் தெருவில் பிள்ளைகளைச் சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் அனுப்பிவிட்டுத் தொலைபேசிக்குக் காத்திருக்கும் பெற்றோரே அதிகம்.

மீனவர் குடும்பங்களுக்கோ கடல் ஒரு காட்சி அன்று, வயல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், மீன் இனம் பெருகுவதற்காக விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக்கூடாது என்பது கிழக்குக் கரையில் சட்டம். நாம் கோடை விடுமுறையில் சென்று, "படகுகள் வரிசையாக நிற்பது எத்தனை அழகு" என்று மகிழ்கிறோமே, அவை நிற்பதன் பொருள் அந்த வீடுகளில் வருவாய் இல்லை என்பதுதான். ஐப்பசி, கார்த்திகைப் புயல்களில் மீண்டும் படகுகள் கரையில் நிற்கும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலையில் அதே கடல் எழுந்து வந்தது. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தரங்கம்பாடியின் மீனவர் குடியிருப்பும் அந்த அலையில் சிக்கியது. அப்படிப்பட்ட கடலின் முகத்தில்தான் அம்மக்கள் நாள்தோறும் விழிக்கிறார்கள்.

அப்படியானால் சிற்றூர் வாழ்வில் நன்மையே இல்லையா? நிறைய உண்டு. சித்தி அடுக்களையில் இருமினால் பக்கத்து வீட்டம்மா கசாயத்தோடு வந்து நிற்கிறார். பிள்ளைகள் மாலையில் அச்சமின்றித் தெருவில் விளையாடுகிறார்கள். கோயில் மணியும் தேவாலய மணியும் பள்ளிவாசல் பாங்கும் ஒன்றையொன்று அமுக்காமல் காதில் விழுகின்றன. இந்த நன்மைகளை நான் குறைத்துப் பேசவில்லை. இவை தங்கள் பிள்ளைகளோடு அங்கேயே வாழ முடிந்தவர்களுக்குத்தான் முழுமையாகக் கிடைக்கும் என்றுதான் சொல்கிறேன்.

"சுற்றுலா வளர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்பவர்கள் உண்டு. உண்மைதான், பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்ததால் கொத்தனாருக்கும் தச்சருக்கும் வேலை கிடைத்தது. தங்கும் விடுதிகள் சிலருக்குச் சம்பளம் தருகின்றன. ஆனால் சுற்றுலா ஒன்றையே நம்பினால் என்ன ஆகும் என்பதை அறிய, கடல் கடந்து ஒரு பார்வை பார்க்கலாம். இங்கிலாந்துக்கு மேற்கே, மூன்று புறமும் கடல் சூழ்ந்த வேல்ஸ் என்ற சிறிய நாடு இருக்கிறது. நம்மைப் போலவே அவர்களுக்கும் தொன்மையான தாய்மொழி உண்டு. அந்த மொழி இன்னும் வலுவாக வழங்கும் குவினெத் பகுதியில் அபெர்சோக் என்ற அழகிய கடற்கரை ஊர் உள்ளது. வெளியூர்ச் செல்வர்கள் அங்கு விடுமுறை வீடுகளை வாங்கிக் குவித்தார்கள். வீட்டு விலை ஏறியது. உள்ளூர் இளந்தம்பதியரால் வாங்க இயலவில்லை. கோடையில் கூட்டம், குளிர்காலத்தில் இருண்ட ஜன்னல்கள். விரல்விட்டு எண்ணும் அளவுக்கே மாணவர் எஞ்சியதால், 2021 டிசம்பரில் அவ்வூர்த் தொடக்கப்பள்ளி மூடப்பட்டது. அப்பகுதி மன்றம் இப்போது இரண்டாவது வீடு வைத்திருப்போரிடம் கூடுதல் வரி வசூலிக்கிறது. வரி போடலாம், மூடிய பள்ளியில் மீண்டும் மணி அடிக்க வைப்பது அவ்வளவு எளிதா?

பிள்ளைகளின் குரல் இல்லாத ஊரும் அமைதியாகத்தான் இருக்கும். அந்த அமைதியை யார் விரும்புவார்கள்? தரங்கம்பாடியில் இன்றும் பள்ளிகள் நடக்கின்றன. அங்கும் நம் பள்ளியைப் போலவே கன்னியர் நடத்தும் பெண்கள் பள்ளி உண்டு. காலையில் சீருடையோடு நம் வயதுப் பெண்கள் அரசர் தெருவில் நடந்து போகிறார்கள். கோட்டையைவிட அதுவே எனக்கு அந்த ஊரின் பெரிய செல்வமாகத் தோன்றியது.

இது தூரத்து ஊரின் கதை மட்டும் அன்று. கோடை வெயில் தாங்காமல் நாம் ஏற்காட்டுக்கு ஓடுகிறோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்குப் போகிறோம். அமைதியை அனுபவித்துவிட்டு, நெகிழிப் பைகளை அங்கு விட்டுவிட்டு இறங்குகிறோம். அந்த மலைகளில் காப்பியும் மிளகும் பறிப்பவரின் மகள் எந்தப் பள்ளியில் படிக்கிறாள், இரவில் காய்ச்சல் கண்டால் எங்கே போகிறாள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

தோழியரே, இனி எந்த அமைதியான ஊருக்குச் சென்றாலும் மூன்று கேள்விகளைக் கேட்போம். இவ்வூர்ப் பள்ளியில் பிள்ளைகள் நிறைந்திருக்கிறார்களா? இரவில் மருத்துவர் கிடைப்பாரா? படித்த பெண்ணுக்கு இங்கேயே வேலை உண்டா? உள்ளூர்க்காரர் கடையில் பொருள் வாங்குவோம், நம் குப்பையை நம்மோடு கொண்டுவருவோம். இவை இன்றே செய்யக்கூடியவை. நாளை நம்மில் ஆசிரியைகளும் செவிலியர்களும் மருத்துவர்களும் வரப்போகிறார்கள். பெரிய நகரங்களுக்குத்தான் செல்வேன் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டால், மேற்சொன்ன கேள்விகளுக்கு "ஆம்" என்ற பதில் என்றைக்கும் வராது. ஒரு சிற்றூரில் சில ஆண்டுகளேனும் பணிபுரிய முன்வருபவள், அவ்வூரின் அமைதியைப் பார்த்து வியக்கும் ஆயிரம் பேரைவிட அதற்கு அதிகம் செய்தவள் ஆவாள். பெற்றோர்களும் அத்தகைய மகளைத் தடுக்காமல் வாழ்த்தி அனுப்ப வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.