ஆட்டம் முடிந்தால் சுண்டல்

ஜார்ஜ்டவுனில் ஞாயிறு காலை, ஏழு வயதுப் பிள்ளைகள் காற்பந்து ஆடி முடித்ததும் ஆளுக்கொரு பாக்கெட் இனிப்புப் பானமும் சிப்ஸும் கைக்கு வந்துவிடுகின்றன. ஒரு மணி நேரம்கூட ஓடாத பிள்ளைக்கு இது எதற்கு? 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானத்துக்கு 2019 ஜூலை முதல் மலேசிய அரசு வரி போடுகிறது. நாமோ அதைப் பரிசாக நீட்டுகிறோம். கச்சாங் பூத்தே விற்று இந்த நாட்டுக்குக் கடலை ருசி காட்டிய சமூகம் நாம்! போன வாரம் அவித்த கொண்டைக்கடலையில் தேங்காய்ப்பூ தூவி எடுத்துப் போனேன். கூடவே தண்ணீர், ஆளுக்கொரு பீசாங் மாஸ் வாழைப்பழம். வியர்வை வழிய ஓடிவந்தவர்கள் போன பிறகு டப்பாவின் அடியில் கடுகும் கறிவேப்பிலையும்தான் மிச்சம். அடுத்த முறை உங்களுடையதென்றால், முதல் நாள் இரவே கடலையை ஊறப் போடுங்கள்.