யாருக்கு ஈஸி... யாருக்கு கஷ்டம்?

புள்ளிப்பட்டியலை மட்டும் பார்த்தால், 2024 சீசனில் டெக்சாஸ்தான் கில்லி. 12 ஆட்டங்களில் ஒரே ஒரு தோல்வி. ஜார்ஜியாவுக்கோ இரண்டு. ஆனால், யார் யாரோடு மோதினார்கள் என்று பார்த்தீர்களா?

நாம் பேசுவது அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால். முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அதேதான். அங்கே சவுத் ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் பெரிய கை. 2024-ல் டெக்சாஸும் ஓக்லஹோமாவும் வந்து சேர, மொத்தம் 16 அணிகள். ஆனால், ஓர் அணிக்கு கான்ஃபரன்ஸுக்குள் 8 ஆட்டங்கள்தான். மிச்சம் 7 அணிகளின் முகத்தைக்கூடப் பார்க்காமல் சீசனை முடித்துவிடலாம்!

ஜார்ஜியாவுக்கு அலபாமா, டெக்சாஸ், ஓல் மிஸ் மூன்றோடும் வெளியூர் ஆட்டம். போதாக்குறைக்கு டென்னஸி வேறு. டெக்சாஸோ அலபாமா, ஓல் மிஸ், டென்னஸி எதையும் சந்திக்கவில்லை. நடப்பு சாம்பியன் மிச்சிகனை அதன் ஊரிலேயே வென்றது உண்மை. ஆனால், கோச்சும் குவாட்டர்பேக்கும் கிளம்பிப்போன மிச்சிகன் அது. ஜார்ஜியாவிடம் சொந்த மண்ணில் 30-15 எனத் தோற்ற டெக்சாஸ், கான்ஃபரன்ஸ் ஃபைனலிலும் அதே அணியிடம் 22-19 என வீழ்ந்தது.

9-3 என முடித்த அலபாமாவுக்கு 12 அணிகள் ஆடும் பிளே-ஆஃபில் இடமில்லை. 'எங்கள் அட்டவணை கஷ்டம்' என்ற அதன் ரசிகர்களின் புலம்பலை முழுசாக ஏற்க முடியவில்லை. அந்த மூன்று தோல்விகளில் இரண்டு, 6-6 என முடித்த வாண்டர்பில்ட்டிடமும் ஓக்லஹோமாவிடமும் வாங்கியவை.

2026 முதல் கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் 9 ஆகின்றன. அப்போதும் ஒவ்வோர் அணியும் 6 அணிகளைச் சந்திக்காமல் தப்பிக்கும். யார் அந்த ஆறு என்பதில்தான் விஷயமே!