குளத்து மீன் யாருக்கு?

தூத்துக்குடியில் மீன் என்றால் கடல் மீன்தான். சீலா, விளமீன், பாறை என்று பேசுகிற ஊர். குளத்து மீனைச் சொன்னால் 'சேத்து வாடைலா அடிக்கும்' என்று முகம் சுளிப்பார்கள். பத்திரிகைக்காரர்களும் அப்படித்தான், துறைமுகம், விசைப்படகு, முத்து என்று எழுதித் தீராது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து வடகாலும் தென்காலும் நிரப்புகிற குளங்களில் யார் மீன் பிடிக்கிறார்கள், யார் பிடிக்கக்கூடாது என்பது எந்தப் பக்கத்திலும் வராது. இந்தத் தலையங்கம் அதற்கு.

காரணம், நான் எழுத்தராக வேலை பார்க்கும் வங்கியில் நடந்த ஒரு சங்கதி. தென்கால் பாசனத்து ஊரிலிருந்து ஒரு அக்கா வந்தார். நடவு, களையெடுப்பு என்று பிழைக்கிறவர். கையில் மடித்த துண்டுத்தாள்: மீன் வளர்ப்புக்கு மானியம். 2020ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பத திட்டத்தில் பொதுப் பிரிவினருக்குச் செலவில் 40 சதவீதம் மானியம். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் 60 சதவீதம். அக்காவுக்கு இரண்டு தகுதி. கடன் பிரிவில் கேட்ட முதல் கேள்வி: 'குளம் வெட்ட இடம் எங்க இருக்கு? பட்டா கொண்டாந்திருக்கியா?' அக்கா சொன்னார்: 'இடம் இருந்தா நெல்லுலா போட்டிருப்பேன். ஊர்லதான் அவ்வளவு பெரிய குளம் கெடக்கே சார், அதுல விடுதேன்.' மேசைக்கு அந்தப் பக்கம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை எழுதாவிட்டால் மேலே எழுதியதெல்லாம் பொய்.

1892ல் வெள்ளை அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலமே கைமாறிப் போன நாட்டில், பட்டாவைக் காட்டினால் 60 சதவீதம் என்கிறார்கள். ஊர்க் குளத்தைக் கேட்டால் சிரிப்பு. அக்கா கேட்டதில் என்ன தப்பு?

ஒரு காலத்தில் குளத்தில் இருந்தது விரால், கெளுத்தி, குரவை, ஆரால், அயிரை. புதுத் தண்ணி வந்ததும் தானாக ஏறும், தானாக முட்டையிடும். யாரும் விட்ட மீனல்ல. ஆகவே 'நான் விட்டது' என்று உரிமை பேச ஆளுமில்லை. அன்று ஊரில் சமத்துவம் பூத்துக் குலுங்கியது என்று கதை விடவில்லை. குளத்துத் தண்ணீரைக் கையால் அள்ளவே 1927ல் அம்பேத்கர் மகத் சவுதார் குளத்தில் இறங்க வேண்டியிருந்த தேசம் இது. ஆனாலும் கோடையில் வற்றிய சேற்றைத் துழாவுவது நம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் மிஞ்சியது. சாதி இந்துவின் கால் அந்தச் சேற்றில் படாதே!

கட்லா, ரோகு, மிர்கால் வடக்கத்தி ஆற்று மீன்கள். தேங்கின குளத்தில் இவை முட்டையிடாது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌதுரி பிட்யூட்டரிச் சுரப்பிச் சாறை ஊசியாகச் செலுத்தி முட்டையிட வைத்தார். அதற்குப் பிறகுதான் குஞ்சு என்பது பண்ணையில் வாங்கும் சரக்கானது. விஞ்ஞானத்தைக் குற்றம் சொல்லவில்லை. ஏழைக்கு மலிவாக மீன் கிடைப்பது சின்ன விஷயமா? ஆனால் வருஷாவருஷம் காசு கொடுத்து வாங்கி விடவேண்டிய மீன், காசுள்ளவன் மீனாகிப் போனது. மீன்பாசி ஏலத்தில் முன்பணம் கட்ட நம் தெருவில் யார் இருக்கிறார்கள்? இருந்தாலும் ஊருக்கு எதிராகக் கை தூக்கிவிட்டு வீடு திரும்ப முடியுமா? குத்தகைக்காரன் விட்டது கட்லா. காவல் போடுவது அயிரைக்கும் சேர்த்து. முன்பு கூடையோடு இறங்கிய பெண் இன்று 'களவாணி'. சில இடங்களில் மீனைச் சீக்கிரம் அள்ள மடையைத் திறந்து தண்ணியையே வடிக்கிறான். அப்போது கூலி வேலையும் போச்சு.

ஊராட்சித் தலைவர் நாற்காலியோடு இந்த ஏலமும் சேர்ந்துதான் வருகிறது. 1997 ஜூன் 30ல் மேலவளவு முருகேசனை வெட்டியவர்கள் வெறும் நாற்காலிக்காகவா வெட்டினார்கள்?

மீனை விட்டு நீரைச் சொந்தமாக்குவது பழைய வித்தை. நீலகிரி ஓடைகளில் ட்ரவுட் மீனைக் கொண்டுவர 1860களில் பிரான்சிஸ் டே முயன்று தோற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்சன் என்பவர் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்க வைத்து ஜெயித்தார். ட்ரவுட் பிழைப்பதற்கு முன்பே, 1879லேயே, சட்டம் ரெடி: வேட்டை விலங்குகளையும் வெளியிலிருந்து கொண்டுவந்து பழக்கிய மீன்களையும் காப்பாற்ற! துரைமாரின் தூண்டில் விளையாட்டுக்குச் சட்டம் காவல் நின்றது.

நம் கடலிலும் முத்துச் சிப்பிப் பார்கள் அரசின் சொத்து; எடுத்த சிப்பியைக் கரையில் வைத்து ஏலம் போட்டார்கள். 1961ல் இங்கே கடைசியாகக் குளித்தார்கள். வெள்ளைக்காரன் காலத்தில்கூட, மூச்சடக்கி மூழ்கியவனுக்கு மூன்றில் ஒரு பங்கு சிப்பி உண்டு. குளத்தில் வலை இழுக்கும் நம் ஆளுக்கு நாள்கூலி, போனால் போகட்டும் என்று ஒரு கூறு பொடிமீன்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. குளங்கள் உடைந்தன. எங்கள் பக்கத்துத் தெருக்களில் இடுப்பளவு தண்ணியில் கட்லா துள்ளியது. அடுப்பு மூட்ட இடமில்லாமல் மாடியில் செங்கல் கூட்டிக் குழம்பு வைத்தார்கள். 'இத எவனும் ஏலம் எடுக்கலல்லா' என்று ஒரு பாட்டி சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

மாற்று வழி இல்லாமலில்லை. மத்தியப் பிரதேசத்தில் தவா அணைக்காக விரட்டப்பட்ட ஆதிவாசிகள் போராடி, 1996ல் அந்த நீர்த்தேக்கத்தின் மீன் உரிமையையே வாங்கினார்கள். தவா மத்ஸ்ய சங்கம் என்ற தங்கள் கூட்டுறவின் மூலம் பத்தாண்டு குஞ்சு விட்டு, பிடித்து, விற்றுக் காட்டினார்கள். பிறகு அரசு புதுப்பிக்காமல் இழுத்தடித்தது. அதையும் தெரிந்தே கேட்போம். சேரியை ஒட்டிய குளங்களின் மீன்பாசியை ஏலமில்லாமல் நிலமற்ற தலித் பெண்களின் குழுக்களுக்குக் குத்தகைக்குக் கொடு. பட்டாவுக்குப் பதில் அந்தக் குத்தகைப் பத்திரத்தை வைத்து வங்கி கடன் கொடுக்கட்டும். தானாகப் பெருகும் நாட்டு மீனைக் கையாலும் கூடையாலும் பிடிப்பதைக் குத்தகையிலிருந்து விலக்கு.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். உங்கள் ஊர்க் குளம் எந்தத் துறையின் கையில், கடந்த பத்து ஆண்டுகளில் யார் பேரில் ஏலம், எவ்வளவுக்கு, அரசு செலவில் குஞ்சு விட்டார்களா என்று கேளுங்கள். ஏலம் கேட்க நம்மவர் யாராவது போனார்களா என்பதை மட்டும் தெருவில் விசாரியுங்கள்; அது கோப்பில் இருக்காது. வந்த பதிலை இதழுக்கு அனுப்புங்கள். அக்கா அடுத்த மாதம் திரும்ப வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.