குன்றேறிக் கேட்ட விரிவுரை

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனா நோயின் பயத்தினால் நாட்டின் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, பேராதனையிலும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் விடுதிகளில் தங்கியிருந்த மலையகப் பிள்ளைகள் தத்தம் தோட்டங்களுக்குத் திரும்பினர். அவ்வேளை அதிகாரிகள் வாளாவிருந்துவிடவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். ‘லேர்ன்’ எனப்படும் கல்வி வலையமைப்பின் வழியாக ஸூம் விரிவுரைகள் தொடங்கின. பல்கலைக்கழகத் தளங்களை நாடும் மாணவரிடம் டேட்டாவுக்குக் கட்டணம் அறவிடாதிருக்கத் தொலைபேசி நிறுவனங்களும் இணங்கின. விரிவுரை உண்டு, கட்டணம் இல்லை, கையிலே தொலைபேசியும் இருக்கிறது; இனி என்ன குறை என்று பட்டணத்திலிருந்த நாம் எண்ணிக்கொண்டோம்.

நாமும் அந்நாட்களில் நம் கல்லூரி மாணவருக்குத் தொலைபேசி வழியே பாடம் நடத்தியவர்தாம். பெயர் சொல்லி அழைத்தும் பதில் கூறாத பிள்ளைகளை அசட்டைக்காரர் என்று தீர்மானித்து, பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று குறித்தும் வந்தோம். அக்குறிப்பு எத்துணைப் பிழையானது என்பது, ஊரடங்கு நீங்கிய பின் ஜூலை மாதத்தில் ஹட்டனுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்துக்குச் சென்றபோதுதான் விளங்கிற்று.

நம்மிடம் பயின்று பல்கலைக்கழகம் புகுந்த மாணவி ஒருத்தி, ஏழாம் நம்பர் மலையின் உச்சியில் ஒரு பாறைமேல் குடையும் கொப்பியுமாக அமர்ந்திருந்தாள். விரிவுரை முடியும்வரை காத்திருந்தோம். நம்மைக் கண்டதும் வெட்கத்தோடு எழுந்தவள், “அவர் பேசியது எனக்குக் கேட்டது, சேர். நான் பேசியதுதான் அவருக்குக் கேட்கவில்லை. இன்றைக்கும் வரவில்லை என்றுதான் போட்டிருப்பார்” என்றாள். நமக்கு அப்போது என்ன பதில் சொல்வதென்றே தோன்றவில்லை.

அவளுடைய லயம் கீழே ஓடைக்கரைப் பள்ளத்திலே இருந்தது. தொலைபேசிக்கு வரும் அலை பெரும்பாலும் நேராகச் செல்வது. கோபுரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே மலையொன்று நின்றால், வெயிலுக்கு நிழல் விழுவதுபோல அலைக்கும் ஒரு நிழல் விழும். ஆகவேதான் கோபுரம் கண்ணுக்குத் தெரியும் மேட்டைத் தேடிப் பிள்ளைகள் ஏறுகின்றனர். அதுவோ தென்மேற்குப் பருவமழைக் காலம். கீழே அட்டை, தேயிலைத் தூரிலே குளவிக்கூடு, அந்தப் பக்கத்தில் சிறுத்தை நடமாட்டமும் உண்டு. மாலை ஆறு மணி விரிவுரையென்றால் தகப்பனார் வேலை முடிந்து வந்த களைப்போடு டோர்ச் விளக்கை எடுத்துக்கொண்டு மகளுக்குக் காவலாகப் பாறையடியில் குந்தியிருப்பாராம். விரிவுரையில் ஒரு சொல்லும் அவருக்கு விளங்கியிராது. ஆயினும் ஒரு நாளும் தவறியதில்லை என்று அவள் சொன்னாள். அந்தப் பதிவேட்டில் யாருடைய பெயரை எழுதுவது?

தொலைபேசி வந்த வழியையும் கேட்டறிந்தோம். அக்காலத்தில் தோட்டத் தொழிலாளியின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 700 ரூபாய். 1,000 ரூபாய் என்பது 2021இல்தான் வந்தது. 25 நாள் குறையாது கொழுந்தெடுத்தால் 17,500 ரூபாய். அத்தொகை அத்தனையும் அந்தத் தொலைபேசிக்கே போயிற்று. அதிலும் தம்பிக்குப் பாடசாலை வகுப்பு வந்தால், அக்காளின் விரிவுரை நின்றுவிடும்.

இது தோட்டத்துக்கு மட்டும் உரிய துன்பமன்று. 2021இல் ஊவா மாகாணத்துப் போஹிட்டியாவ என்னும் கிராமத்துப் பிள்ளைகள், தம் ஆசிரியையுடன் காட்டுவழி நடந்து பாறையேறிப் பாடம் பெற்ற செய்தி உலகப் பத்திரிகைகளிலே படத்துடன் வந்தது. படம் அழகாக இருந்ததாகப் பலரும் புகழ்ந்தார்கள்.

விரிவுரையாளர் பெருமக்களுக்கு நாம் கூறத் துணிவது ஒன்றுண்டு. முகத்தைக் காட்டும் காணொளியை விட்டு, பாடத்தைக் குரலாகப் பதிந்து அனுப்பினால், ஒரு மணி நேரப் பேச்சும் சுமார் 15 மெகாபைட்டுக்குள் அடங்கும். காணொளியோ அதனைப்போற் பல மடங்கு. குரற்பதிவை மேட்டுக்குப் போய் ஒருமுறை இறக்கிக்கொண்டால், வீட்டிலிருந்தே பத்து முறை கேட்கலாம். நம் கல்லூரி வகுப்புக்கு நாம் அவ்விதமே செய்யத் தொடங்கியதும், அதுவரை ஊமையாயிருந்த இரு மாணவர் எழுத்திலே கேள்வி கேட்கலாயினர்.

நோய் தணிந்ததும் இப்பேச்சு பழங்கதையாயிற்று என்று எண்ணுவதற்கில்லை. 2022இல் எரிபொருள் இல்லாமற் போனபோது விரிவுரைகள் மீண்டும் தொலைபேசிக்குள் புகுந்தன. அவ்வாண்டு மின்வெட்டு ஒரு நாளில் 13 மணி நேரம்வரை சென்றதும் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைகளைச் சரித்தபோது, சாலையோடு தொலைத்தொடர்பும் பல இடங்களில் அறுந்தது.

வீட்டிலே கேட்கலாம் என்றோமே, அந்த வீடு எத்தகையது? பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று வெள்ளையர் காலத்தில் அளந்து கட்டிய லயத்து அறையிலே, பாட்டியின் இருமலும் அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியும் கூடவே கேட்கும். எனவே ஒரு யோசனை: தோட்டந்தோறும் பிள்ளை மடுவம் இருக்கிறது. குழந்தைகளைத் தாய்மார் அழைத்துச் சென்றபின் இரவு முழுவதும் அது பூட்டியே கிடக்கும். அங்கே ஒரு விளக்கும், நாலு மேசையும், இணைய இணைப்பொன்றும் வைத்துப் படிக்கும் பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாகாதா? இதை நாம் சொன்னபோது தோட்டத் தலைவர் ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டு, திறப்பு யாரிடம் இருப்பது என்பதிலேயே தகராறு வந்துவிடுமே என்றார். வரட்டும். திறப்புக்காகச் சண்டையிடும் அளவுக்கு ஓர் அறை முதலில் கிடைக்கட்டும்.