காப்புறுதியும் காவலும்

"காப்புறுதி செய்துவிட்டால் பின்னர் அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது, ஐயா?" என்று சென்ற கிழமை வகுப்பில் ஒரு மாணவன் நம்மை வினவினான். வணிகப் பாடத்திலே எழுந்த வினா. ஆயினும் அதற்குரிய விடை பாடநூலுள் அடங்குவதன்று. வட கடலில் நிகழ்ந்த ஒரு பெருவிபத்தின் வரலாற்றையே நாம் விடையாகக் கூறினோம்.

ஸ்கொத்லாந்தின் அபடீன் நகரிலிருந்து ஏறத்தாழ 190 கிலோமீற்றர் தொலைவில், கடல் நடுவே நின்றது பைப்பர் அல்பா என்னும் எண்ணெய் மேடை. 1988 ஆம் ஆண்டு யூலை 6 ஆம் திகதி அங்கே 226 பேர் இருந்தனர். அன்று பகல், ஒரு பம்பியின் காப்பு வால்வைத் திருத்தத்திற்காகக் கழற்றிய தொழிலாளர், குழாயின் திறந்த வாயை ஒரு மூடியினால் அடைத்துவிட்டுச் சென்றனர். அச்செய்தியைத் தாங்கிய அனுமதிச் சீட்டு இரவு வேலைக்கு வந்தோரின் கண்ணிற் படவில்லை. மற்றைப் பம்பி நின்றுபோகவே, அவர்கள் இதனை இயக்கினர். கசிந்த வாயு வெடித்துத் தீப்பற்றியது. நீரில் இறங்கும் சுழியோடிகளின் நலங்கருதித் தீயணைப்புப் பம்பிகளின் தானியங்கு முறை நிறுத்தப்பட்டிருந்தமையால், அவை இயங்கவில்லை. அயல் மேடைகளோ தம் எண்ணெயோட்டத்தை உடனே நிறுத்தவில்லை. மீட்கச் சென்ற இருவர் உட்பட 167 பேர் மாண்டனர். மேடையிலிருந்தோருள் உயிர் தப்பியவர் 61 பேரே.

அம்மேடைக்குக் காப்புறுதி இல்லாமலில்லை. ஒருவர் தாங்கவியலாச் சுமையைப் பலர் தோளிற் பகிர்வதே காப்புறுதி. சுமையை ஏற்றவர் அதன் ஒரு பகுதியை இன்னொருவரிடம் மீள்காப்புறுதி செய்வார். அவர் பிறிதொருவரிடம் செய்வார். அக்காலத்தில் லண்டன் சந்தையில் இவ்வழக்கம் ஒரு சுழலாகியிருந்தது. கைமாறிய சுமை பலரைக் கடந்து, முதலிற் கொடுத்தவரிடமே திரும்பி வந்தது. பரவிவிட்டதென நம்பிய ஆபத்து ஒரு சிலர் தலையிலேயே குவிந்து கிடந்தது. பைப்பர் அல்பாவின் கோரிக்கைகள் அச்சுழலிற் பன்முறை சுற்றின. லொயிட்ஸ் சந்தையில் தம் உடைமை முழுவதையும் பொறுப்பாக்கியிருந்த உறுப்பினர் பலர், இத்தகைய இழப்புக்களாலும் அஸ்பெஸ்ரஸ் முதலிய பழைய கோரிக்கைகளாலும் நொடித்துப்போயினர்.

விசாரணை நடத்திய கலன் பிரபு 1990 இல் 106 பரிந்துரைகளை வெளியிட்டார். விதிகளுக்கு அமைந்தோம் என்று கூறினால் மட்டும் போதாது. மேடையை நடத்துவோர் தம்மிடத்துள்ள ஆபத்துக்களைத் தாமே ஆராய்ந்து, அவற்றை அடக்கும் வழியையும் எழுதி நிறுவவேண்டும் என்பது அவற்றுள் தலையாயது. 1992 இல் அது பிரித்தானியாவிற் சட்டவிதியாயிற்று.

இக்கதையில் இரு காகிதங்கள் உள்ளன. ஒன்று காப்புறுதிப் பத்திரம். மற்றது அனுமதிச் சீட்டு. முன்னையது நட்டத்தின் பின் பணம் தரும். பின்னையது நட்டம் நேராமற் காக்கும். அன்றிரவு உரியவர் கைக்குச் சேராதது பின்னையதே.

"அப்படியானால் காப்புறுதி வேண்டாமா?" என்றான் மாணவன்.

"வேண்டும். ஆனால், இழந்த மேடைக்கு விலை உண்டு. வீடு திரும்பாத தந்தைக்கு விலை ஏது?" என்றோம். வகுப்பு மௌனமாயிற்று.