சிவக்காத பீச்சுக்கு விலை இல்லையா?

கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகருக்கு அருகே டெல் ரே என்ற ஊரில் இருக்கிறது மசுமோடோ குடும்பத்தின் பீச் தோட்டம். அங்கே விளையும் 'சன் கிரெஸ்ட்' ரகத்தை மரத்திலேயே பழுக்கவிட்டுக் கடித்தால் சாறு முழங்கை வரை வழியும். மஞ்சள் சதை, நல்ல இனிப்பு, நாக்கில் நிற்கும் மணம். அப்படியும் 1980-களில் அதைச் சந்தை ஒதுக்கியது. பழுத்தாலும் அதன் தோல் செக்கச்செவேல் என்று ஆகாமல் பொன்னிறத்திலேயே நிற்கும்; பறித்தபின் அதிக நாள் தாங்காது.

மரங்களை வெட்டிவிடலாமா என்ற தவிப்பை அந்தக் குடும்பத்து விவசாயி டேவிட் மாஸ் மசுமோடோ 1987-இல் 'லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்' நாளிதழில் எழுதினார். வேண்டாம் என்று வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். மரங்கள் தப்பின.

சந்தையின் கணக்கு தவறானது. தோலில் ஏறும் சிவப்பு பெரும்பாலும் ரகத்தையும் வெயிலையும் பொறுத்தது. பழுத்ததற்கு அது அத்தாட்சி ஆகாது. காம்பருகே பச்சை மறைந்து மஞ்சள் படர்ந்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். காயாகப் பறித்த பீச் பிறகு மெத்தென்று ஆகலாம், இனிப்பு கூடாது. அதையே வாரக்கணக்கில் குளிரில் அடைத்தால் சதை சாறற்று மாவு மாவாகிவிடும். இதைத்தான் கடைகள் பளபளவென்று அடுக்கி வைக்கின்றன.

விவசாயியின் உழைப்போ கொஞ்சநஞ்சமல்ல. போன ஆண்டு வளர்ந்த சிம்புகளில்தான் பீச் காய்க்கும் என்பதால் ஆண்டுதோறும் கவாத்து செய்தாக வேண்டும். நடுப்பகுதியைத் திறந்துவிட்டால்தான் உள்கிளைகளுக்கு வெயில் எட்டும். வசந்தத்தில் கொத்தாகப் பிடிக்கும் பிஞ்சுகளைக் கையாலேயே உதிர்த்து, ஏறக்குறைய சாணுக்கு ஒன்றாக விட வேண்டும். பார்க்க மனம் கேட்காது. ஆனால் விட்டுவைத்தால் பழம் சிறுக்கும், பாரம் தாங்காமல் கிளை முறியும். எல்லாப் பழமும் ஒரே நாளில் பழுக்காது. அறுவடைக்கு ஒரே மரத்தில் பலமுறை ஏற வேண்டும். இவ்வளவு பாட்டுக்கும் விலையைத் தோலின் நிறம் தீர்மானிப்பது அநியாயம்.

'எல்பர்ட்டா' என்ற பழைய ரகத்துக்கு அதே குடும்பம் ஒரு வழி கண்டது: பணம் கட்டி ஒரு மரத்தைத் தத்தெடுத்தவர்கள் பருவத்தில் தாங்களே வந்து பறித்துக்கொண்டார்கள். ஆனால் எல்லா விவசாயிகளாலும் இப்படிச் செய்ய முடியாது. கடைக்காரர்கள் பெட்டியின் மேல் ரகத்தின் பெயரையும் பறித்த தேதியையும் எழுதட்டும். வாங்குபவர்களும் அவற்றைக் கேட்டு வாங்கட்டும்.