அந்த விளையாட்டில் நீ யார்?

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு முடிந்து கோவில் வளாகத்தில் நிற்கும் நம் பிள்ளைகளின் பேச்சை நாம் சற்றுக் காதுகொடுத்துக் கேட்டதுண்டா? "நேத்து ராத்திரி மூணு தடவை செத்துட்டேன்டா" என்கிறான் ஒருவன். "நான் அந்த ஊரையே காப்பாத்திட்டேன்" என்கிறான் அடுத்தவன். "நான் திருடனா ஆடறேன், அந்த ஊரு எப்படிப் போனா எனக்கென்ன?" என்கிறான் மூன்றாமவன். அருகில் நிற்கும் பாட்டி பதறிப்போய்ச் சிலுவை அடையாளம் வரைந்துகொள்கிறார்.

பிள்ளைகள் பேசுவது கணினியிலும் கைபேசியிலும் ஆடும் மாயாஜாலக் கதை விளையாட்டுகளைப் பற்றி. அவற்றில் ஆடுபவர் ஒரு வீரராகவோ மந்திரவாதியாகவோ திருடராகவோ வேடம் ஏற்று ஒரு கற்பனை நாட்டில் உலவுகிறார். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'என் பொம்மை செத்தது' என்று அவர்கள் சொல்வதில்லை. 'நான் செத்தேன்' என்கிறார்கள். இந்த 'நான்' யார்? இன்று பெற்றோராகிய நாம் அமர்ந்து சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

சூதாட்டம் வேறு, வேடம் வேறு

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். இணையவழி விளையாட்டு என்றாலே பணத்தை இழந்த குடும்பங்களின் கண்ணீர்தான் நம் நினைவுக்கு வருகிறது. அந்தக் கண்ணீர் உண்மையானது. அதனால்தான் தமிழக அரசு 2022ஆம் ஆண்டில் இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதற்கும் தடைசெய்து சட்டம் இயற்றியது. ஆனால் நாம் இங்கு பேசுவது அதைப் பற்றியல்ல. வேடமேற்று ஆடும் விளையாட்டில் பந்தயப் பணம் இல்லை. அங்கே வைக்கப்படுவது ஆடுபவரின் நேரமும் மனமும்தான். ஆகவே அதைச் சட்டத்தின் கையில் விட்டுவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது.

நம் மண்ணுக்கு வேடம் புதிதல்ல

சேலம், நாமக்கல் மக்களாகிய நமக்கு வேடம் அந்நியமானதா? கோடையில் நம் ஊர்ப்புறங்களில் நடக்கும் தெருக்கூத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள். மாலையிலேயே அரிதாரம் பூசி, கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் வந்து நிற்பார் கலைஞர். வெளியே நிற்கும் கட்டியங்காரன், "வந்திருப்பது யார்?" என்று கேட்பான். அவரும் தாம் இன்ன நாட்டு இன்ன மன்னர் என்று தம் பெருமையைச் சொல்லித்தான் சபைக்குள் வருவார். இரவெல்லாம் அவர் துரியோதனன். விடிந்ததும் அரிதாரத்தைத் துடைத்துவிட்டு, டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டுத் தம் காட்டு வேலைக்கோ தறிக்கோ போய்விடுவார். அவரைத் துரியோதனன் என்று ஊரார் யாரும் ஒதுக்கிவைப்பதில்லை.

1935இல் டி. ஆர். சுந்தரம் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், 1940இல் 'உத்தமபுத்திரன்' படத்தில் பி. யு. சின்னப்பாவை இரட்டை வேடத்தில் நடிக்க வைத்தது. ஒரே முகம் நல்லவனாகவும் கெட்டவனாகவும் தோன்றியதை நம் தாத்தாக்கள் வியந்து பார்த்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? தவக்காலத்தில் பங்குகளில் பாஸ்கா நாடகம் போடும்போது யூதாசாக நடிக்கவும் ஒருவர் வேண்டியிருக்கிறதே! முப்பது காசுக்காகக் கைநீட்டியவர், மறுநாள் பக்தியோடு திருப்பலிக்கு வருகிறார். நாமும் அவரோடு சமாதானம் பகிர்கிறோம்.

ஆம், வேடம் என்பது பொய்யல்ல. அது நாம் வாழாத ஒரு வாழ்வுக்குள் சற்று நேரம் நுழைந்து பார்ப்பது.

எப்படி வேடம் ஏற்கிறார்கள்?

இந்த விளையாட்டுகளின் வேர் ஒரு கத்தோலிக்கரின் கற்பனையில் இருப்பதை நம்மில் பலர் அறியோம். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற பெருங்கதையை 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட டோல்கீன் உறுதியான கத்தோலிக்கர். இளவயதில் தாயை இழந்த அவரை வளர்க்கும் பொறுப்பேற்றவர் ஓர் அருள்பணியாளர். படைத்தவரின் சாயலில் உருவானவன் என்பதாலேயே மனிதனும் சிறு உலகங்களைக் கற்பனையில் படைக்கிறான் என்பது டோல்கீனின் கருத்து. அவர் கதையின் தாக்கமும் சேர்ந்து, 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டனர். நண்பர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு வேடத்தில் கதை பேசும் விளையாட்டு அது. இன்றைய கணினி விளையாட்டுகள் பல அதன் வழிவந்தவையே.

ஆடுபவர்கள் வேடம் ஏற்பதில் மூன்று விதம் உண்டு. சிலர் தம்மையே அங்கு கொண்டுபோகிறார்கள். 'நான் அங்கே இருந்தால் என்ன செய்வேன்?' என்பதே அவர்கள் கேள்வி. சிலர் தாம் ஆக விரும்பும் ஒருவராக ஆடுகிறார்கள். கூச்சப்படும் பிள்ளை அங்கே படைத்தலைவன். இன்னும் சிலர் தாம் ஒருபோதும் ஆக முடியாத, ஆகக்கூடாத ஒருவரை ஆடிப்பார்க்கிறார்கள்.

2011இல் வந்த 'ஸ்கைரிம்' போன்ற விளையாட்டுகளில் ஊன்றி ஆடுவோர், விளையாட்டு கேட்காத விரதங்களைத் தாங்களே ஏற்றுக்கொள்வதுண்டு. என் பாத்திரம் துறவி, ஆகவே வாள் எடுக்கமாட்டேன். அவனுக்கும் பசிக்கும், ஆகவே உண்டு உறங்கித்தான் பயணம் செய்வேன். தவறு செய்துவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்பிப்போய் அழிக்கமாட்டேன், விளைவோடு வாழ்வேன் என்றெல்லாம் உறுதி எடுக்கிறார்கள். வெற்றி எளிதாகக் கிடைக்கும் வழியை விட்டு, 'என் பாத்திரம் இப்படிச் செய்யாது' என்பதற்காகக் கடினமான வழியில் போகிறார்கள். வெறும் பொழுதுபோக்கு என்று நாம் தள்ளிவிடும் இடத்திலும் மனச்சான்று வேலை செய்கிறது.

பார்வையற்ற வணிகரின் கடை

1985இல் ரிச்சர்ட் கேரியட் என்பவர் உருவாக்கிய 'அல்டிமா 4' என்ற விளையாட்டில் வெல்வதற்கு ஓர் அரக்கனைக் கொல்ல வேண்டியதில்லை. நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், தாழ்ச்சி ஆகிய எட்டுப் பண்புகளிலும் ஆடுபவர் தேற வேண்டும். அங்கே மூலிகை விற்கும் வணிகர் பார்வையற்றவர். எவ்வளவு காசு வைக்கிறோம் என்பதை நாமே சொல்லலாம். குறைத்துக் கொடுத்தால் அவருக்குத் தெரியாது, யாரும் தடுக்கவும் மாட்டார்கள். ஆனால் விளையாட்டு அதை ஓசையின்றிக் குறித்துக்கொள்ளும். நெடுந்தூரம் பயணம் செய்த பிறகே தன் நேர்மை குறைந்துபோனதை ஆடுபவர் உணர்வார்.

இதைப் படிக்கையில் நாத்தான் இறைவாக்கினர் தாவீது அரசருக்குச் சொன்ன ஆட்டுக்குட்டிக் கதை நம் நினைவுக்கு வரவில்லையா? நேரடியாகச் சொல்லியிருந்தால் தாவீது சினந்திருப்பார். கதைக்குள் நுழைந்ததால் தமக்குத் தாமே தீர்ப்பிட்டார். நல்ல கதை அப்படித்தான் நம்மைப் பிடிக்கிறது.

மாட்ஸ் என்ற மகன்

நார்வே நாட்டில் மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞர், தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் பிறவி நோயால் சக்கர நாற்காலியில் முடங்கினார். நாளின் பெரும்பகுதியை 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற விளையாட்டில் கழித்தார். நட்பும் அன்பும் அறியாமல் மகன் தனிமையில் வாடுகிறானே என்று பெற்றோர் வருந்தினர். 2014 நவம்பரில், 25ஆம் வயதில், மாட்ஸ் இறந்தார். அவரது வலைப்பதிவில் பெற்றோர் இறப்புச் செய்தியை எழுதியதும், பல நாடுகளிலிருந்து மடல்கள் வந்து குவிந்தன. அந்த விளையாட்டில் அவர் 'இபெலின்' என்ற பெயரில், ஓடவும் கட்டியணைக்கவும் வல்ல திடகாத்திரமான மனிதராக வாழ்ந்திருக்கிறார். பலருடைய துயரங்களைக் கேட்டிருக்கிறார். வீட்டைவிட்டு வெளியே வராத மகனை நெருங்க வழி தெரியாமல் தவித்த ஒரு தாய்க்கு, மகனோடு சேர்ந்து விளையாடச் சொல்லி வழிகாட்டியிருக்கிறார். தம் நோயை மறைத்த மனவேதனையில் நண்பர்களைப் புண்படுத்திய நாள்களும் உண்டு. அடக்கச் சடங்குக்கு அந்த நண்பர்களில் சிலர் வேறு நாடுகளிலிருந்து வந்தனர். 2024இல் வெளியான ஓர் ஆவணப்படம் அவர் கதையை உலகறியச் செய்தது.

இதில் நம் நெஞ்சைத் தைப்பது எது? அன்பான பெற்றோர், ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். மகன் அங்கே யாராக இருந்தான் என்பது அவன் கல்லறைக்குப் போகும் நேரத்தில்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

விடிந்த பிறகு என்ன மிஞ்சுகிறது?

இதனால் ஆபத்தே இல்லை என்று நாம் சொல்லவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் விளையாட்டு அடிமைத்தனத்தை நோய்களின் பட்டியலில் சேர்த்துள்ளது; அப்பட்டியல் 2022 சனவரி முதல் நடைமுறையில் உள்ளது. ஆட்டத்தை நிறுத்த இயலாமை, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டத்துக்கே முதலிடம், தீங்கு விளைந்த பிறகும் தொடர்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். பொதுவாக ஓராண்டளவு இவை நீடிக்க வேண்டும். ஆக, பள்ளி விடுமுறையில் பத்து நாள் ஆடியவனை நோயாளி என்று முத்திரை குத்துவதும் தவறு. படிப்பும் உறக்கமும் கெட்டு ஆண்டுக்கணக்கில் ஆடுபவனை 'சரியாகிவிடுவான்' என்று விடுவதும் தவறு. 2025 செப்டம்பரில் புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அக்குதிஸும் வீடியோ விளையாட்டை விரும்பியவர்தாம். ஆனால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தமக்குத் தாமே எல்லை வகுத்துக்கொண்டார்.

எது நல்லது, எது கெட்டது என்று பகுத்தறிய நமக்கு ஒரு பழைய வழி உண்டு. 1521இல் பம்ப்லோனாப் போரில் பீரங்கிக் குண்டால் காலில் அடிபட்டுப் படுத்திருந்தார் லொயோலா இஞ்ஞாசியார். வீரதீரக் கதைகள் கேட்டார்; வீட்டில் இல்லை. கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறுமே கிடைத்தன. ஒரு சீமாட்டிக்காகத் தாம் செய்யப்போகும் சாகசங்களை மணிக்கணக்கில் கற்பனை செய்வார். பிறகு புனிதர்களைப்போல் தாமும் வாழ்வதாகக் கற்பனை செய்வார். இரண்டுமே அந்த நேரத்தில் இனித்தன. ஆனால் முன்னது முடிந்ததும் மனம் வறண்டது. பின்னது முடிந்த பிறகும் மகிழ்ச்சி தங்கியது. இந்த வேறுபாட்டைக் கண்டதிலிருந்தே அவரது மனமாற்றம் தொடங்கியது.

நம் பிள்ளைகளுக்கும் இதே உரைகல் பொருந்தும். ஆடும்போது எப்படி இருக்கிறான் என்பதைவிட, எழுந்து வந்த பிறகு எப்படி இருக்கிறான்? கூத்துக்காரருக்கு ஒரு விடியல் இருப்பதுபோல் அவனுக்கு இருக்கிறதா?

நாம் தந்த ஒரே வேடம்

இங்கே நம் மடியிலும் கை வைத்துப் பார்ப்போம். நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு பகுதிகளின் உறைவிடப் பள்ளிகளை நாடித் தமிழகத்தின் பல மூலைகளிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுக்கும், பல நேரங்களில் நம் சொந்தப் பிள்ளைகளுக்கும், நாம் அளித்துள்ள வேடம் ஒன்றே ஒன்றுதான்: மதிப்பெண். அதிகாலை முதல் இரவு வரை அந்த ஒரே வேடம். தந்தை லாரியிலோ போர்வெல் வண்டியிலோ வடமாநிலம் போனால் திரும்பப் பல வாரங்கள் ஆகின்றன. வீட்டில் இருக்கும் தாய் கேட்பதும், "டெஸ்ட்ல எத்தனை?" என்பதுதான். வேறு யாராகவும் இருந்துபார்க்க இடமில்லாத பிள்ளை, நள்ளிரவில் போர்வைக்குள் ஒரு மாவீரனாகிறான் என்றால் அதில் வியப்பென்ன? கைபேசியைப் பிடுங்கிவிடலாம். ஆனால் பிடுங்கிய பிறகு அவனுக்கு நாம் கொடுக்கப்போகும் வேடம் என்ன? பாடகற்குழுவா, பங்கு நாடகமா, பந்தாட்டக் குழுவா, முதியோர் இல்லத்தில் ஒரு மாலைப்பொழுதா?

அன்புக்குரியவர்களே! கூத்தில் கட்டியங்காரன் கேட்காமல் எந்த வேடமும் சபைக்குள் வருவதில்லை. நம் வீடுகளில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லாமல் போனதுதான் குறை. இன்றிரவு நம் மகனருகிலோ மகளருகிலோ அமர்ந்து, அதட்டாமல் கேட்போம்: "கண்ணு, அதுல நீ யாரு?" அவர்கள் சொல்லும் கதையை முழுவதும் கேட்போம். பிறகு விளக்கணைக்கும் நேரத்தை அவர்களோடு சேர்ந்தே முடிவு செய்வோம்.

சிந்தனைக்கு: நம் பிள்ளை எந்தப் பெயரில், எந்த வேடத்தில் ஆடுகிறான் என்பது நமக்குத் தெரியுமா? தெரியாதென்றால், அவனோடு நாம் கடைசியாக மதிப்பெண்ணைப் பற்றி அல்லாமல் பேசியது எப்போது?